ரகசிய எண்ணை என்னிடமும் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி–பதில்

சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போகும் சாலையில், ஒரு செம்பனைத் தோட்டத்தின் நுழைவாயிலுக்கு எதிரே இருக்கிறது எங்கள் மளிகைக் கடை. 2013-ஆம் ஆண்டிலிருந்து அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில் ஒரு வங்கியின் முகவர் இயந்திரத்தையும் வைத்து நடத்தி வருகிறேன். போன மாதம், தோட்டத்துக் கடையிலேயே வங்கிப் பணம் எடுப்பதைப் பற்றி இந்தப் பகுதியில் நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுக் கடிதங்கள் குவிந்துவிட்டன. பலர் ஒரே கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த மாதம் முழுவதும் அதற்கே.

கேள்வி: எங்கள் தோட்டத்துக் கடையில் 300 ரிங்கிட் போட்டேன். கடைக்காரர் ஒரு சின்ன இயந்திரத்தில் எண்ணைத் தட்டிவிட்டு, பணத்தைத் தம் கல்லாப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டார். கண்ணால் பார்த்தேன். பணம் அவர் பெட்டியில் இருக்கும்போது அது எப்படி வங்கியில் இருக்கும்? நாளைக்கு அவர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டால்? (ஓய்வுபெற்ற ரப்பர் பால்மரத் தொழிலாளி, 68 வயது)

பதில்: அம்மா, நீங்கள் கண்ணால் பார்த்தது சரிதான். பணம் அவர் பெட்டிக்குள்தான் போனது. ஆனாலும் உங்கள் 300 ரிங்கிட் வங்கியில்தான் இருக்கிறது. எங்கள் கடையில் நடப்பதைச் சொல்கிறேன், புரிந்துவிடும்.

வங்கியில் எனக்கும் ஒரு கணக்கு உண்டு. அதில் என் சொந்தப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் 300 ரிங்கிட்டைக் கொடுத்து, நான் இயந்திரத்தில் தட்டியதும், என் கணக்கில் 300 குறைகிறது. உங்கள் கணக்கில் 300 ஏறுகிறது. உங்கள் கையிலிருந்து வந்த தாள்கள் என் கணக்கில் குறைந்ததற்கு ஈடு. அதனால் அவை என் கல்லாவில் விழுகின்றன. நீங்கள் பணம் எடுக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கும்: உங்கள் கணக்கில் குறையும், என் கணக்கில் ஏறும், என் பெட்டியிலிருந்து தாள்களை எண்ணி உங்கள் கையில் வைப்பேன். கடைக்காரர் இன்றிரவே கடையைப் பூட்டிவிட்டுப் போனாலும் உங்கள் கணக்கில் ஏறிய பணம் அசையாது.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முகவர் வழியாக வங்கிச் சேவை தருவதற்கான விதிமுறைகளை மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2012-இல் கொண்டுவந்தது. வரவும் எடுப்பும் அந்த நொடியிலேயே வங்கியின் கணக்கில் பதிவாக வேண்டும் என்பது அதில் முக்கியமானது. லைன், அதாவது இணையத் தொடர்பு, இல்லையென்றால் முகவர் பணம் வாங்கவே கூடாது. "இப்போது லைன் இல்லை அம்மா, பணத்தை வைத்துவிட்டுப் போங்கள், சாயங்காலம் நான் போட்டுவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பணத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நீங்கள் அவரிடம் விட்டுவிட்டு வருவது கைமாற்றுக் கடன். அதற்கு வங்கி பொறுப்பாகாது.

இயந்திரத்திலிருந்து ரசீது வெளியே வரும்வரை கடையை விட்டு நகராதீர்கள். ரசீதில் உள்ள தொகையை நீங்களே படியுங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் எண் தெரியும் அல்லவா? நாற்பது ஆண்டுகள் பால் நிறுக்கும் இடத்தில் தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்த கண் உங்களுடையது.

இன்னொன்று. சம்பள நாளில் என் கடைக்கு வந்து, பணம் இல்லை என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்தால் என்னை மன்னிக்க வேண்டும். சம்பளக் காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதியை ஒட்டி, காலைப் பெரட்டில் பெயர் கொடுத்து வேலைக்காட்டுக்குப் போய்த் திரும்பியவர்கள் எல்லாரும் ஒரே மாலையில் வரிசையில் நிற்பார்கள். என் பெட்டியில் இருக்கும் நோட்டுதான் அன்றைக்கு நான் தரக்கூடிய பணம். முதல் இரண்டு ஆண்டுகள் 6 மணிக்கெல்லாம் பெட்டி காலியாகிவிடும். பிறகுதான் பழகிக்கொண்டோம். 5-ஆம் தேதியே என் கணவர் சுங்கை சிப்புட்டுக்குப் போய்ப் பணம் எடுத்து வந்துவிடுவார். மறுநாள் மின்கட்டணம் கட்ட வருகிறவர்களையும் சேமிப்புப் போட வருகிறவர்களையும் "அந்த நோட்டுகளை 7-ஆம் தேதி காலையில் கொண்டு வர முடியுமா?" என்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் ஒருவர் போடும் பணம் மாலையில் இன்னொருவருக்குச் சம்பளமாகிறது. ஒரே தோட்டத்துப் பணம் ஒரே தோட்டத்துக்குள் கைமாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கேள்வி: 200 ரிங்கிட் எடுக்கப் போனேன். அட்டையைப் போட்டு எண்ணையும் அழுத்தினேன். லைன் அறுந்துவிட்டது. கடைக்காரர் பணம் தரவில்லை. ஆனால் கணக்கில் 200 குறைந்திருக்கிறது! (செம்பனை லோரி ஓட்டுநர்)

பதில்: ஐயா, அவர் பணம் தராததில் தவறில்லை. ரசீது வராமல் நோட்டைத் தந்தால் அவருடைய சொந்தப் பணம் போய்விடும். அன்றே, அதே கடையில் நின்றபடி, இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் வங்கியின் எண்ணுக்குப் பேசுங்கள். தேதி, மணி, தொகை மூன்றையும் சொல்லிப் புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். கடைக்காரரையும் பேசச் சொல்லுங்கள், ஏனென்றால் அவர் கணக்கில் அந்த 200 ஏறவில்லை என்பதற்கு அவரே சாட்சி. என் கடையில் இப்படி நடந்தபோதெல்லாம் பணம் திரும்பி வந்திருக்கிறது, சில நாள் பிடித்தது. வங்கி இழுத்தடித்தால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண்ணில் முறையிடலாம். முகவர் செய்வதற்கெல்லாம் அவரை நியமித்த வங்கியே பொறுப்பு. "அது கடைக்காரர் விவகாரம்" என்று யாரும் உங்களைத் தள்ளிவிட முடியாது.

கேள்வி: என் அப்பாவுக்கு 57 வயது. இன்னும் செம்பனைக் குலை அறுக்கிறார். அவருடைய ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் மூன்று ஆண்டுகளாக மளிகைக் கடைக்காரரிடம் இருக்கின்றன. சம்பளம் ஏறியதும் கடைக்காரரே எடுத்து, கடன் போக மிச்சத்தைத் தருகிறார். "அவர் நம் ஆள், நல்லவர்" என்கிறார் அப்பா. கேட்டால் மரியாதையாக இருக்காது என்று அம்மா என்னைத் தடுக்கிறார். (மகள், தாதியர் பயிற்சியில் இருப்பவர்)

பதில்: மகளே, உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இதற்கு நான் ஒரு கடைக்காரியாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கடையை முதலில் நடத்தியவர் என் மாமனார். கல்லாவுக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கும். அதற்குள் தோட்டத்து ஆட்களின் வங்கிப் புத்தகங்கள் இருந்தன. பிறகு ஏடிஎம் அட்டைகள் வந்தன. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் துண்டுக் காகிதத்தில் எண் எழுதி ரப்பர் வளையம் போட்டிருக்கும். நாற்பதுக்கு மேல் இருந்தன. அவர் யாரையும் ஏமாற்றியவர் அல்லர். மழைக்காலத்தில் பால் எடுக்க மரம் சீவ முடியாமல் வீடுகளில் உலை வைக்காத நாளில், கேட்காமலே அரிசி அனுப்பியவர். டவுனுக்குப் போய்வர வாடகைக் கார் பிடித்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால், அவரே எல்லாருடைய அட்டையையும் எடுத்துப் போய்ப் பணம் எடுத்து வருவார். உன் அப்பா சொல்லும் அதே "நல்லவர்".

அவர் காலமான பிறகு கடை என் பொறுப்புக்கு வந்தது. இயந்திரம் வந்த முதல் வாரத்தில் அந்த டின்னைத் திறந்து, ஒவ்வொருவராக அழைத்து, அட்டையைக் கையில் கொடுத்தேன். களை எடுக்கும் அக்கா ஒருவர் வந்தார். அவருடைய அட்டையைப் போட்டு, எண்ணை அவரையே அழுத்தச் சொல்லி, மிச்சம் எவ்வளவு என்று பார்த்தோம். 1,860 ரிங்கிட் இருந்தது. அந்த அக்கா அப்படியே அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். என் மாமனார் கடனுக்கு உரியதை மட்டும் எடுத்திருக்கிறார். அக்கா செலவுக்குக் கேட்டதைக் கொடுத்திருக்கிறார். மீதி கணக்கிலேயே நின்றிருக்கிறது. கணக்கில் எதுவும் இருக்காது என்று நினைத்து அந்த அக்கா கேட்கவே இல்லை. முந்தைய ஆண்டு மகனுடைய பள்ளிச் செலவுக்கு ஆலோங் எனும் வட்டிக்காரனிடம் 500 வாங்கி, மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். தன் பணம் தன் பெயரில் தூங்கிக்கொண்டிருக்க, வட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறான்.

ஒருவரும் திருடவில்லை. ஆனாலும் அந்த அக்காவின் பணம் அவருக்கு உதவவில்லை. கடைக்காரர் நல்லவரா கெட்டவரா என்று உன் அப்பாவிடம் வாதாடாதே. "அப்பா, உங்கள் கணக்கில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது?" என்று மட்டும் கேள். அவருக்குத் தெரியாது. அங்கிருந்து பேச்சைத் தொடங்கு.

பிறகு செய்ய வேண்டியது: அப்பாவை மைகார்டு அடையாள அட்டையுடன் வங்கிக் கிளைக்கு அழைத்துப் போ. பழைய அட்டையை ரத்துசெய்து புது அட்டை வாங்குங்கள். புதிய 6 இலக்க எண்ணை அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். நீ பக்கத்தில் நிற்காதே, உனக்கும் அது தெரிய வேண்டாம். பிறந்த ஆண்டும் வீட்டு எண்ணும் வேண்டாம் என்று மட்டும் சொல். கடைக்காரரிடம் பழைய அட்டையைக் கேட்டுச் சண்டை போட வேண்டியதில்லை, அது செத்துப்போன அட்டை. ஆனால் அவரை நேரில் பார்த்து, பற்று வரவு நோட்டைக் கேட்டு வாங்கி, இன்றைய தேதியில் கடன் எவ்வளவு என்று இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தக் கடனை உன் அப்பா ஒரு சென் விடாமல் கட்ட வேண்டும். சம்பளத்தன்று தம் கையால் எண்ணிக் கொடுக்கட்டும். இதில் மரியாதைக் குறைவு எங்கே இருக்கிறது? எனக்கு இப்படிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எழுந்து நின்று வாங்கத் தோன்றும்.

இது வெறும் மரியாதைப் பிரச்சினையும் இல்லை. ரகசிய எண்ணைத் தானே கொடுத்துவிட்டவருக்குப் பணம் போனால் வங்கி ஈடு கட்டுவது மிகவும் கடினம். மோசடிக்காரர்கள் அடுத்தவர் கணக்குகளைப் பயன்படுத்துவது பெருகிவிட்டதால், உரிய காரணமின்றிக் கணக்கையோ அட்டையையோ கைமாற்றுவதைக் குற்றமாக்கி 2024-இல் தண்டனைச் சட்டமும் திருத்தப்பட்டிருக்கிறது. அப்பாவுக்கு இதைச் சொல். பயமுறுத்துவதற்காகச் சொல்லாதே, அவர் பெயர் தெரியாத விவகாரத்தில் இழுபடக் கூடாது என்பதற்காகச் சொல்.

என் கடையிலும் வாரம் ஒருவர் வந்து, "கண் தெரியவில்லை அம்மா, நம்பர் சொல்கிறேன், நீயே அழுத்து" என்கிறார். நான் காதைப் பொத்திக்கொள்கிறேன். உண்மையாகவே பொத்திக்கொள்கிறேன். விசையில் 5-க்கு மேல் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். அதைத் தடவிப் பார்த்து மற்ற எண்களைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். மூன்று முறை வந்தால் விரல் பழகிவிடுகிறது.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை இருக்கிறார். போஸ்ட்மேன் வீட்டு வாசலுக்கே வருகிறார். அத்தை பெருவிரலை வைக்கிறார். பணம் கைக்கு வருகிறது. அட்டை இல்லை, எண் இல்லை. மைகார்டில் விரல்ரேகை வைத்திருக்கும் நம் நாட்டில் ஏன் இப்படி இல்லை? (கணினித் துறை மாணவர், ஈப்போ)

பதில்: தம்பி, நல்ல கேள்வி. இந்தியாவில் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. வங்கிகள் கிளைக்கு வெளியே ஆட்களை அமர்த்திச் சேவை தரலாம் என்று ரிசர்வ் வங்கி 2006 ஜனவரியில் அனுமதித்தது. ஆதார் எனும் அடையாள எண்ணும் விரல்ரேகையும் பிறகு வந்தன. 2014 ஆகஸ்ட் 28-இல் தொடங்கிய ஜன் தன் திட்டத்தில் கோடிக்கணக்கானவர்களுக்குக் கணக்குகள் திறந்தார்கள். 2018 செப்டம்பரில் அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கி தொடங்கப்பட்ட பிறகு, உன் அத்தை வீட்டுக்குப் போஸ்ட்மேன் கைபேசியும் ரேகைக் கருவியும் எடுத்துக்கொண்டு வருகிறார். கிராமத்துப் பெண்கள் பலர் வங்கி முகவர்களாக இருக்கிறார்கள். அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் என் கடைக்கு வருகிறவர்களின் பெருவிரல்களை நீ ஒரு நாள் பார்க்க வேண்டும். முப்பது ஆண்டுகள் பால்கத்தி பிடித்து, பால் கெட்டியாக ஊற்றும் ஆசிட்டில் நனைந்து, ரேகையே தேய்ந்துபோன விரல்கள் அவை. கணக்குத் திறக்கும்போது மைகார்டு ரேகையைச் சரிபார்க்க ஒரு பாட்டியை டவுனுக்கு அழைத்துப் போயிருந்தேன். இடது கை, வலது கை, துடைத்துவிட்டு, எண்ணெய் தடவி, மறுபடியும் துடைத்து... இயந்திரம் அவரை அவர் என்று ஒப்புக்கொள்ள மறுத்துக்கொண்டே இருந்தது. "என் விரலையே என்னுடையது இல்லை என்கிறதே" என்று அவர் கண் கலங்கியதை என்னால் மறக்க முடியவில்லை. உழைத்து உழைத்துத் தேய்ந்த விரலுக்கே பணம் கிடைக்காது என்றால் அந்தத் தொழில்நுட்பத்தில் ஏதோ குறை இருக்கிறது. இந்தியாவிலும் வயதானவர்களும் கூலி வேலை செய்பவர்களும் இதே பாட்டைப் படுகிறார்கள். அதோடு, "பதியவில்லை, இன்னொரு முறை வை" என்று சொல்லி இரண்டு முறை பணத்தை எடுத்துக்கொண்ட முகவர்களும் அங்கே பிடிபட்டிருக்கிறார்கள். ரசீது கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில் விரலும் ஏமாற்றப்படுகிறது.

நீ கணினி படிக்கிறாய். உன்னிடம் ஒரு வேண்டுகோள். முகவர் இயந்திரங்கள் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும்படி ஒன்றைச் செய்து காட்டு. "இருநூறு ரிங்கிட் எடுக்கிறீர்கள்" என்று அது சொல்லட்டும். படிக்கத் தெரியாத ஒரு மனிதர் யாரையும் நம்ப வேண்டிய தேவையில்லாமல் தன் பணத்தை எடுக்க முடியும்.

கேள்வி: கைபேசியிலேயே பணம் அனுப்ப டூயிட்நவ் இருக்கிறது. கியூஆர் ஒட்டாத கடையே இல்லை. இனி முகவர் எதற்கு? (இளைஞர், கோலகங்சார்)

பதில்: உங்களைப் போன்றவர்களுக்குத் தேவையில்லை. பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் கோயில் உண்டியலுக்கும், மீன்காரருக்கும், பேத்தியின் கையில் வைக்கும் பத்து வெள்ளிக்கும் நோட்டு வேண்டும் என்று வருகிற பட்டன் கைபேசிக்காரர்கள் எங்கள் லயத்தில் நிறையப் பேர். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைபேசியில் ஒன்று மட்டும் சேமித்து வையுங்கள்: 997, தேசிய மோசடித் தடுப்பு மையம். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்த உடனே அழைத்தால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்துவிடுகிறார்கள், அதற்குள் பணம் நான்கு கணக்குகளைத் தாண்டிவிடுகிறது.

கேள்வி: பாகான் டத்தோ பக்கத்தில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். நானும் முகவராக ஆகலாமா? வருமானம் வருமா? (கடைக்காரப் பெண்)

பதில்: ஆகுங்கள் தங்கச்சி. பேங்க் சிம்பானான் நேஷனல், அக்ரோபேங்க் போன்றவை முகவர்களை அமர்த்துகின்றன. கடையின் வணிகப் பதிவு சரியாக இருக்க வேண்டும், கைபேசி லைன் கிடைக்கும் இடமாக இருக்க வேண்டும், முடங்கிக் கிடக்கக் கொஞ்சம் சொந்தப் பணம் வேண்டும். நான் சாதாரண நாளில் 3,000 ரிங்கிட்டும் சம்பள வாரத்தில் 12,000 ரிங்கிட்டும் வைத்திருக்கிறேன். அவ்வளவு பணம் கடையில் இருப்பது வெளியே தெரியக் கூடாது. மாலை 7-க்கு மேல் நான் எடுப்பே செய்வதில்லை. வங்கி தரும் கமிஷனை மட்டும் நம்பினால் மின்கட்டணம்கூடத் தேறாது. பணம் எடுக்க வருகிறவர் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போவார், லாபம் அதில்தான். வாடிக்கையாளரிடம் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்பது விதி.

ஒன்றைத் தலையிலடித்துச் சொல்கிறேன். உங்களுக்கு 80 ரிங்கிட் கடன் வைத்திருப்பவர் 400 எடுக்க வந்தால், 400-ஐயும் முழுதாக எண்ணி அவர் கையில் வையுங்கள். 320-ஐக் கொடுத்துக் கணக்கை முடிக்காதீர்கள். அவர் தம் கையிலிருந்து 80-ஐ எடுத்துத் தரட்டும். தராமல் போனால் போகட்டும், அது மளிகைக் கணக்கு. இரண்டையும் ஒரே மேசையில் செய்தாலும் ஒன்றோடு ஒன்று கலக்கவிடாதீர்கள். கலந்தால் அந்த பிஸ்கட் டின் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: ரசீதைப் பத்திரமாகப் பணப்பையில் வைத்தேன். இரண்டு மாதத்தில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைக் காகிதமாகிவிட்டது! (இல்லத்தரசி, சுங்கை சிப்புட்)

பதில்: அந்தக் காகிதம் சூட்டில் எழுத்து விழும் காகிதம், நாளடைவில் எழுத்து மறைந்தும் போகும். எண்ணெய்க் கை பட்டால் இன்னும் சீக்கிரம்.

என் மாமியாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு ரசீது இருக்கிறது. 1960-இல் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தபோது, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவருடைய அப்பா பத்து வெள்ளி கட்டிய ரசீது. இந்த சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் கேட்டார் என்று, தோட்டம் தோட்டமாகக் கூலிக்காரர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் அது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. மையால் எழுதிய அந்தக் காகிதம் மஞ்சளாகிவிட்டது, எழுத்து அப்படியே இருக்கிறது.

அதனால் நீங்களும் மையால் எழுதுங்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். தேதி, போட்டது, எடுத்தது, மிச்சம். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கடையிலேயே எழுதி, முகவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எங்கள் கடையில் 40 பக்க நோட்டு 1 ரிங்கிட் 20 சென். கணக்கு எழுத என்று சொன்னால் காசு வாங்குவதில்லை.